பச்சைத் தொட்டியில் நூல்

குப்பைக்குச் சட்டம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் தெருவே சிரித்தது. தையல்காரர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். "இத்தனை நாளா மனுஷனுக்குத்தான் சட்டம் இருந்துச்சு. இப்ப முட்டை ஓட்டுக்கும் வந்தாச்சா!" என்று, அளவு கொடுக்க வந்தவரின் இடுப்பில் இன்ச் டேப்பைப் போட்டபடியே குலுங்கினார். வந்தவரும் சேர்ந்து குலுங்க, இடுப்பளவு கூடிப்போய், பிறகு அந்தக் கால்சட்டையைப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

நகராட்சி அச்சடித்த துண்டுத்தாள் ஒவ்வொரு கதவுக்கும் வந்தது. மக்குகிற ஈரக் குப்பை பச்சைத் தொட்டியில். காய்ந்த குப்பை நீலத் தொட்டியில். தையல்கடைகளுக்கு மட்டும் கூடவே ஒரு சாக்கு. வெட்டுத்துணியும் நூலும் அதில்தான் போக வேண்டும். அதையெல்லாம் பிரித்து எடுத்துப்போய் மறுபடி எதையோ செய்யப்போகிறார்களாம். கலந்து போட்டால் முதலில் வாயால் சொல்வார்கள். அடுத்தது மஞ்சள் சீட்டு. அதற்கும் அடங்காதவர்களுக்குச் சிவப்புச் சீட்டு. சிவப்பு வந்தால் கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறக்க நகராட்சி மனசு வைக்க வேண்டும். முன்னால் கடையும் பின்னால் குடித்தனமும் ஒரே கதவு எண்ணில் இருந்தால் இரண்டும் சேர்த்து ஒன்றாகவே பார்ப்பார்கள். சமையலறையில் நடக்கிற தப்புக்குக் கடை பொறுப்பு, கடையில் நடக்கிற தப்புக்குச் சமையலறை பொறுப்பு.

இந்த இடத்தில்தான் தையல்காரரின் சிரிப்பு நின்றது. அவருக்கு வீடும் கடையும் ஒரே கதவு எண். ஆனால் அந்தக் கதவுக்குள் இருந்த அவருக்கும் அவர் மனைவிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேச்சுவார்த்தை கிடையாது என்றால், காலையில் முறைத்து மாலையில் சமாதானமாகிற புருஷன் பெண்டாட்டி சண்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மழைக்காலம் போய் மூன்றாவதும் தொடங்கிவிட்டது. கடை என்பது ஒற்றை அறை. வாசலைப் பார்த்து வெட்டு மேசை, மேசைக்கு அடியில் துணிப் பொட்டலங்கள், பக்கத்தில் அவருடைய கால் மிஷின். பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய மிஷின், அதைத் தாண்டிச் சமையலறை, படுக்கிற அறை, பின்கதவு. வெட்டுவதும் காலர் வைப்பதும் அவர். காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அவள். காஜா என்பது பட்டன் நுழைகிற ஓட்டை. அதன் விளிம்பை நூலால் நெருக்கிக் கட்டாவிட்டால் நாலு சலவையில் பிய்ந்துவிடும். சட்டை நைந்து கந்தலானாலும் அவள் எடுத்த காஜா அப்படியே நிற்கும் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். பட்டன் வர வேண்டிய இடத்தில் அவர் சாக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார், காஜாவுக்கு ஒரு கோடு. துணியைத் திரைக்கு அடியில் தள்ளிவிடுவார். வேலை முடிந்து அதே வழியாகத் திரும்பி வரும். சோறும் ஏறக்குறைய அப்படித்தான். தட்டு வைக்கிற சத்தம் கேட்டால் சாப்பிட வரச் சொல்கிறாள் என்று அர்த்தம். டம்ளர் சத்தம் கேட்டால் டீ ஆறுகிறது. வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. சத்தம் வெளியே வராத குடும்பம் என்று நல்ல பேர்கூட இருந்தது.

இது தொடங்கியது ஒரு பள்ளிக்கூடத் திறப்புச் சமயத்தில். சீருடைகளை அன்று சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். காஜாவுக்காகச் சட்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன. காலையில் கடை போன் அடித்தது. அவளுடைய அண்ணன். "அம்மாவுக்கு ரொம்ப முடியல மாப்பிள்ளை. அவளை உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். "இதோ கிளம்பறோம்" என்று சொல்லித்தான் தையல்காரர் போனை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. சொன்னால் அழுவாள். அழுதால் கை ஓடாது. கை ஓடாவிட்டால் சீருடை போகாது, சீருடை போகாவிட்டால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். சாயங்கால பஸ்ஸைப் பிடித்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்பினார். மனசில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்று பகல் முழுக்க அவள் திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காஜா எடுத்தாள். அதைக் கேட்டுக்கொண்டே அவர் காலர் தைத்தார்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய் முகத்தை உயிரோடு பார்க்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. "காலையிலேயே சொன்னேனே மாப்பிள்ளைகிட்ட?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் அழுகையை நிறுத்தித் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாள் கழித்துத் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், மிஷினில் உட்கார்ந்தாள், தேங்கிக் கிடந்த வேலையையெல்லாம் முடித்தாள். பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார், கோபப்பட்டார், ஒருமுறை குலுங்கி அழவும் செய்தார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து நடுவில் நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கத்தியிருந்தால், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருந்தால் மனுஷர் பிழைத்திருப்பார். சுவரோடு பேசினால்கூட எதிரொலி என்று ஒன்று வரும். கொஞ்ச காலத்தில் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் இரண்டு தொட்டியும் ஒரு சாக்கும் வந்து சேர்ந்தன.

குப்பை எடுக்கப் பேட்டரி வண்டி ஓட்டி வருகிற பெண்ணுக்குத் தெருவில் விசில் என்றே பேர். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவள் வாய் ஓய்ந்தால்தான் விசில் ஊதும் என்று பெட்டிக்கடைக்காரர் கேலி செய்வார். முதல் வாரத்திலேயே ஒரு நாள் அவள் பச்சைத் தொட்டிக்குள் கம்பியை விட்டுக் கிளறிவிட்டுக் கூப்பிட்டாள்.

"டெய்லரண்ணே, கொஞ்சம் வாங்க. இது என்ன?"

"குப்பை."

"குப்பைன்னு எனக்கும் தெரியும். உள்ள நூல் கிடக்கு பாருங்க. வெங்காயத் தோலு, டீத்தூளு எல்லாத்தையும் சுத்திப் பிணைஞ்சுட்டுக் கிடக்கு. இது உரத்துக்குப் போறதுண்ணே. நூல் போச்சுன்னா அங்க அரைக்கற மிஷின் சிக்கிட்டு நின்னுரும். அப்புறம் என்னைத்தான் வறுத்து எடுப்பாங்க."

"கூட்டும்போது தெரியாம விழுந்திருக்கும்."

"விழுந்துச்சா? காலு முளைச்சு நடந்து வந்து விழுந்துச்சாக்கும்!"

சத்தம் கேட்டுத் திரை விலகியது. அவர் மனைவி வெளியே வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு?" என்றாள். "பக்கத்துலதானே சாக்கு தொங்குது. நூலைக் கொண்டுபோய் ஈரத்துல போட்டா யாருக்குக் கேடு?"

முகம் தொட்டியைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டது அவரை. விசில் இல்லை, பெட்டிக்கடைக்காரர் இல்லை, அவரைத்தான். குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறதோ, முன்பு இவ்வளவு கரகரப்பாக இருந்ததில்லையே என்று நினைத்தார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அவர் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டினார். அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடந்ததால் வீட்டில் பழையபடி தட்டுச் சத்தமும் டம்ளர் சத்தமும்தான். அந்தச் சமயத்தில்தான் அவர் கையில் ஒரு பிய்ந்த ஜிப் வந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஜிப் எதுல போடறது?"

அந்தப் பக்கம் மிஷின் நின்றது.

"என்ன ஜிப்பு?"

"பல்லு பித்தளை. ஓரம் துணி. துண்டுத்தாள்ல ஜிப்புக்குன்னு ஒண்ணும் போடல."

"பல்லு நீலத்துல. துணி சாக்குல."

"ரெண்டும் ஒண்ணா இருக்கே."

"குறடு எதுக்கு வச்சிருக்கீங்க?"

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் உட்கார்ந்து குறட்டால் ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கினார். அத்தனை சந்தோஷமாக அவர் அண்மையில் எந்த வேலையும் செய்ததில்லை. அடுத்தடுத்த நாட்களில் சாக் கட்டியின் துணுக்கைக் கேட்டார், துருப்பிடித்த ஊசியைக் கேட்டார், பட்டன் வந்த அட்டையைக் கேட்டார். "நீலம்" என்றாள். "நீலம்" என்றாள். மூன்றாவதுக்கு அதுகூட வரவில்லை. கேள்வி கேட்டால் ஒரு சொல்தான் கிடைக்கும், தப்புச் செய்தால்தான் நீளமாகக் கிடைக்கும் என்று அவருக்குப் புரிந்துபோனது.

புத்தி போகிற போக்கைப் பாருங்கள். கல்யாண வயதில் பெண் வைத்திருந்து கட்டிக்கொடுத்த மனுஷர், இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு பிடி நூலைச் சமையலறைத் தொட்டியில் போட்டார். மறுநாள் காலை விசில் கத்தினாள். மனைவி வந்தாள்.

"சொன்னா காதுல ஏறாதா? சின்னப் பிள்ளைங்களே பிரிச்சுப் போடுது. இந்த வயசுல உங்களுக்குப் பின்னாலயே ஒருத்தி தொட்டியைத் தூக்கிட்டுத் திரியணுமா?"

'உங்களுக்குப் பின்னாலயே ஒருத்தி.' அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அவர் அந்த வாரத்தை ஓட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. கடைக்குள் கயிறு கட்டி ஈரத் துணியைத் தொங்கவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஒவ்வொன்றாகக் காயவைக்க வேண்டியிருந்தது. கடை முழுக்க ஆவி. வாடிக்கைக்காரர்கள் வருவது குறைந்தது. அப்படி ஒரு மத்தியானத்தில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா இன்னிக்கு உங்களைப் பத்திப் பேசினாங்க."

"என்ன சொன்னா?"

"உங்கப்பாவுக்குப் புத்தி மழுங்கிட்டே வருது, யார்கிட்டயாவது காட்டணும்னாங்க."

"அப்படியா சொன்னா!"

"என்னப்பா, பரிசு விழுந்த மாதிரி கேக்கறீங்க?"

"வேற என்ன சொன்னா?"

"நூலுக்கும் தோலுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியலையாம். நிஜமாவே உடம்பு நல்லா இருக்கா?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். அடுத்த தடவை பேசும்போது கேளு, டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போவான்னு."



"ஒரே வீட்லதானேப்பா இருக்கீங்க. நீங்களே கேக்கக் கூடாதா?"

"மழை கொட்டுதும்மா. ஒண்ணும் சரியா கேக்கல" என்று அவர் போனை வைத்துவிட்டார். வெளியே தூறல்தான் இருந்தது.

மஞ்சள் சீட்டு வந்த நாளில் விசிலோடு சூப்பர்வைசரும் வந்திருந்தான். சின்ன வயசுப் பையன், மரியாதை தெரிந்தவன். குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தத் தெருவுல உங்க கதவு ஒண்ணுதான் இப்படி. இன்னொரு தடவைன்னா சிவப்பு. பள்ளிக்கூடம் திறக்கற சமயம் வேற வருது. கடையைப் பூட்டினா எனக்கே நல்லா இருக்காது."

"இனிமே நடக்காது தம்பி."

"போன தடவை வாயால சொன்னப்பவும் இதையேதான் சார் சொன்னீங்க."

ஷட்டரில் மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டுப் போனான். வண்டி நகர்ந்ததும் மனைவி திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். பகலில் அவள் திரையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றது எப்போது என்று அவருக்கு நினைவில்லை. வெட்டு மேசையின் எதிர்ப்பக்கம், வாடிக்கைக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். இந்த முறை முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"உங்களுக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லுங்க. இந்தக் கடைக்காகத்தானே அன்னிக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தீங்க? எங்கம்மா அங்க கண்ணு மூடாம வாசலைப் பார்த்துட்டே கிடந்தாங்களாம். நான் இங்க பாட்டுப் பாடிட்டு காஜா எடுத்துட்டு இருந்தேன். அத்தனையும் எதுக்காக? இந்தக் கடைக்காக. இப்ப அதையே நூலுக்கும் தோலுக்கும் தூக்கிக் குடுக்கப் போறீங்க. அப்ப எங்கம்மா முகத்தை எதுக்காகத்தான் நான் தொலைச்சேன்?"

அவர் கையில் கத்தரி இருந்தது. பாதி வெட்டிய துணி மேசையில் கிடந்தது. சொல்வதற்கு அவரிடம் எவ்வளவோ இருந்தது, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. "நான்..." என்றார். அவள் காத்திருந்தாள். நிஜமாகவே கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

வார்த்தை வந்தபோது ஆள் இல்லை. அவர் எழுந்து போய்த் திரையை விலக்கினார். முதுகைக் காட்டி உட்கார்ந்து மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். கால் வேகத்தைக் கூட்டியது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். கத்திச் சொல்கிற விஷயமா அது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான் என்று தன்னையே வைதுகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அவள் இன்னொரு முறை வந்து எதிரில் நிற்க வேண்டும். இந்தத் தடவை 'நான்' என்பதோடு நின்றுவிடக் கூடாது. நாலே வாக்கியம். அவற்றை இஸ்திரி போடும்போது சொல்லிப் பார்த்தார், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தார். ஆனால் அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அந்த வழியில் போனால் அடுத்தது சிவப்புச் சீட்டு. கடை போனால் போகட்டும் என்று ஒரு வேளை தோன்றும். கடை போனால் அவள் கேட்ட கேள்விக்குக் கடைசிவரை பதிலே இல்லாமல் போய்விடும் என்று மறு வேளை தோன்றும். சில நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அப்புறம் கை கேட்கவில்லை.

விசில் ஒன்றும் கண்ணில்லாதவள் இல்லை. ஒரு நாள் பின்வாசல் பக்கம் மனைவியிடம் அவள் சொல்வது சமையலறை வழியாக அவருக்கே கேட்டது.

"அக்கா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அண்ணன் வேணும்னேதான் போடறாரு."

"யாரு?"

"அண்ணன்தான். நேத்து நான் எதிர்வீட்ல நின்னு பாக்கறேன், சாக்குல இருந்த நூலைக் கையால அள்ளி வாசல்ல வச்ச தொட்டியில போட்டு, மேல தோலைப் போட்டு மூடினாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நல்லவேளை சூப்பர்வைசர் வரல. நான் பாட்டுக்கு வண்டியில எடுத்துக் கொட்டிட்டேன். எத்தனை நாள் மறைக்க முடியும்க்கா?"

மனைவி பதில் சொன்னது கேட்கவில்லை. சொன்னாளோ இல்லையோ. அவர் மிஷினில் உட்கார்ந்து காலை அசைக்காமல் இருந்தார். இப்போது வருவாள், இப்போது திரை விலகும், காறித் துப்பினாலும் துப்பட்டும் என்று காத்திருந்தார். நாலு வாக்கியமும் தயாராக இருந்தன. தட்டுச் சத்தம் கேட்டது. சாப்பிட்டார். டம்ளர் சத்தம் கேட்டது. குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் எதைப் போட்டாலும் விசில் ஊதவில்லை, கத்தவில்லை. தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குண்ணே" என்று எடுத்துக் கொட்டிக்கொண்டு போனாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தேகத்தில் ஒரு பாபின் நிறைய நூலை அவிழ்த்து, புளித்துப்போன சோற்றோடும் தோலோடும் பிசைந்தே போட்டார். அடுத்த நாள் காலையும் தொட்டி சுத்தம்.

அதற்கடுத்த காலையில் வழக்கத்துக்கு முன்னால் எழுந்து பின்கதவுப் பக்கம் போனார். மழை லேசாகப் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்துக்கு அடியில் அவள் குந்தியிருந்தாள். ஒரு பழைய சாக்கை விரித்துப் பச்சைத் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தாள். நாற்றம் அவர் நின்ற இடம்வரை வந்தது. அழுகின தோலையும் சோற்றையும் கையால் விலக்கி, நூலை நுனி பார்த்துப் பிடித்து, அறுந்துவிடாமல் இழுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சிக்கு விழுந்த இடத்தில் நிறுத்தி, நகத்தால் பிரித்து, மறுபடி சுற்றினாள். காஜா எடுக்கும்போது இருக்கிற அதே பொறுமை. பக்கத்தில் ஒரு சோப்பும் வாளித் தண்ணீரும் இருந்தன. இதை முடித்துவிட்டு அந்தக் கையைத்தான் வெள்ளைச் சட்டையில் வைக்க வேண்டும்.

அவள் திட்டவில்லை என்பதன் அர்த்தம் அப்போதுதான் அவருக்கு முழுக்க உறைத்தது. எதற்காக அவர் இதைச் செய்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு, அவரோடு ஒரு வார்த்தை பேசுவதைவிட இந்த அழுகலுக்குள் கையை விடுவது அவளுக்குச் சுலபமாக இருக்கிறது.

"குடு, நான் எடுக்கறேன்" என்றார்.

அவள் நிமிரவில்லை. அவர் குனிந்து சாக்கின் ஓரத்தைப் பிடித்தார். அவள் சாக்கைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, வேலை செய்கிற இடத்தில் குறுக்கே வந்த பூனையை ஒதுக்குவதுபோல. அவர் கொஞ்ச நேரம் மழையில் நின்றுவிட்டு உள்ளே வந்தார். அதோடு விட்டுவிட்டார். அந்தக் கைகளை இனிமேலும் அதற்குள் இறக்க அவருக்கு மனசு வரவில்லை. நூல் சாக்குக்குப் போனது, தோல் பச்சைக்குப் போனது, அட்டையும் ஊசியும் நீலத்துக்குப் போயின. நாலு வாக்கியமும் அவரிடமே தங்கிவிட்டன.

பள்ளிக்கூடம் திறந்தது. சீருடைகள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மஞ்சள் சீட்டு வெயிலில் வெளுத்து உரிந்து விழுந்தது. அந்தத் தெருவிலேயே ஒழுங்காகப் பிரித்துப் போடுகிற கதவு அவர்களுடையதுதான் என்று நகராட்சியில் முடிவு செய்தார்கள். சூப்பர்வைசர் 'முன்மாதிரி இல்லம்' என்று ஒரு பச்சை அட்டையோடு வந்தான். மஞ்சள் ஒட்டியிருந்த இடத்திலேயே அதை ஒட்டினான்.

"சார், அம்மாவையும் கூப்பிடுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

'கூப்பிடுங்க' என்றதும் தையல்காரர் விழித்தார். விசில்தான் குரல் கொடுத்தாள். "அக்கா, வாங்கக்கா, உங்களைத்தான் படம் பிடிக்கறாங்க." மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரையும் ஷட்டருக்கு முன்னால் நிறுத்தி, அவர் கையில் பச்சைத் தொட்டியையும் அவள் கையில் நீலத்தையும் கொடுத்தார்கள்.

"அம்மா, இதை வீடியோவாவே எடுக்கறேன். மஞ்சள் சீட்டு வாங்கின வீடு இப்ப முதல் வீடு. எப்படின்னு நாலு வார்த்தை சொல்லுங்க. சார், நீங்க நேரா என்னையே பாருங்க. திரும்பக் கூடாது."

அவர் நேராகப் பார்த்தார். பக்கத்திலிருந்து, தோளுக்கு அருகில், அவள் குரல் வந்தது.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஈரம் தனி, காய்ஞ்சது தனி. போடறப்பவே பிரிச்சுப் போட்டுட்டா சுலபம். கலந்த பிறகு பிரிக்கறதுக்குத்தான் நேரமும் ஆகும், கையும் நாறும். நூல், துணியெல்லாம் சாக்குல. எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல வரல. இப்ப அவரும் சரியாத்தான் போடறார்." கொஞ்சம் நிறுத்தினாள். "சரிதானே?"

யாரைக் கேட்டாள்? போனைப் பிடித்திருந்தவனையா, விசிலையா, பக்கத்தில் நின்றவரையா? அவர் திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "சூப்பர்ம்மா" என்று அவன் போனைத் தாழ்த்தினான். அவர் திரும்பியபோது நீலத் தொட்டி மட்டும் தரையில் இருந்தது. திரை ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் பின்னால் பேட்டரி வண்டிகளுக்கெல்லாம் நகராட்சி ஒலிபெருக்கி கட்டிவிட்டது. இனி விசில் ஊத வேண்டாமாம். அந்தத் தெருக்காரர்களுக்கு அந்தத் தெருக்காரர் சொன்னால்தான் உறைக்கும் என்று சூப்பர்வைசர் அந்த வீடியோவிலிருந்து குரலை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டான். ஒரு காலையில் தையல்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது தெருமுனையிலிருந்து அவர் மனைவி பேசிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஈரம் தனி, காய்ஞ்சது தனி..."

அவர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உள்ளே, குரல் தெருவில். வண்டி பெட்டிக்கடையில் நின்றது, எதிர்வீட்டில் நின்றது, அவர் வாசலில் வந்து நின்றது. அதன்பிறகு அவர் தினமும் வண்டி வருவதற்கு முன்பே தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கத் தொடங்கினார். விசில் ஒன்றும் கேட்கவில்லை. வாயாடிதான், ஆனால் எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவள். அவர் வாசலில் மட்டும் தொட்டியைத் தட்டிக் கொட்ட அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது.

"...எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல வரல. இப்ப அவரும் சரியாத்தான் போடறார். சரிதானே?"

"சரிதான்" என்றார் தையல்காரர்.

விசில் காலித் தொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினாள். பக்கத்து வீட்டு வாசலில் குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவர் தொட்டியைக் கீழே வைக்காமல் நின்று கேட்டார். கடைசியில் அது கேட்டதும், யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல், "சரிதான்ம்மா" என்று இன்னொரு முறை சொன்னார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.